உடன்பாடும் உடைமையும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்திற் கூட்டுமுடிவின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1. பிரச்சினை

கட்டளையிடும் தலைவன் ஒருவன் இல்லாதவிடத்து, தத்தம் நலனை நாடும் பலர் ஒரு பொதுமுடிவுக்கு எவ்வாறு வந்துசேர்கின்றனர் என்பது சமூக வரலாற்றாய்வின் பழைய வினாக்களுள் ஒன்றாகும். கீழைத்தேயத்து நீர்ப்பாசனச் சமூகங்களைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு நீண்டகாலமாக ஒரே விடை கூறப்பட்டு வந்தது. நீரைப் பங்கிடுவதற்கு மத்திய அதிகாரம் இன்றியமையாதது என்பதே அவ்விடை. இந்தியா பற்றி 1853இல் எழுதிய கட்டுரைகளில் மார்க்ஸ் இக்கருத்தைத் தொட்டுச் சென்றார். 1957இல் வெளிவந்த தமது நூலிலே விற்ஃபோகல் அதனைக் ‘கீழைத்தேயக் கொடுங்கோன்மை’ என்னும் முழுக் கோட்பாடாக விரித்தார். இலங்கையை முன்வைத்து அக்கோட்பாட்டை மறுத்தவர் எட்மண்ட் லீச். வறண்ட வலயத்தின் குளங்களும் கால்வாய்களும் பல நூற்றாண்டுகளிற் சிறுகச் சிறுக உருவானவை என்றும், கிராமக் குளத்தின் பராமரிப்புக்கு அரசனின் அதிகாரிவர்க்கம் தேவைப்படவில்லை என்றும் 1959இல் அவர் எடுத்துக்காட்டினார். பின்னர் ஆர்.ஏ.எல்.எச். குணவர்தன 1971இல் இவ்விவாதத்தை மேலும் நுண்மையாக்கினார். மடங்களும் உள்ளூர்ப் பிரபுக்களும் நீரின்மீது கொண்டிருந்த உடைமையை அவர் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

இவ்விவாதத்தின் தொடர்ச்சியாக ஒரு வினாவை இக்கட்டுரை எழுப்புகின்றது. மத்திய அதிகாரமின்றி உடன்பாடு இயலும் என்பதை ஒப்புக்கொள்வோம். அவ்வாறாயின், அந்த உடன்பாடு யாருடைய உடன்பாடு? இதற்கு விடைகாண மட்டக்களப்பு வாவியின் தென்பகுதியை, குறிப்பாகக் குருக்கள்மடத்தையும் அதன் அயற்கிராமங்களையும் களமாகக் கொள்வோம். கருவியாக, அண்மைக்காலத்து விஞ்ஞானத் துறையொன்றின் முடிபுகள் சிலவற்றைத் துணைக்கொள்வோம்.

சுயமாக இயங்கும் பொறிகள் பல, மத்திய கட்டுப்பாட்டு நிலையம் எதுவுமின்றி, அயலிலுள்ளவற்றோடு மட்டும் தகவல் பரிமாறி ஒரே முடிவை அடைவது எங்ஙனம் என்பது கட்டுப்பாட்டியலில் இன்று விரிவாக ஆராயப்படுகின்றது. கூட்டமாகப் பறக்கும் ஆளில்லா விமானங்கள், மின்விநியோக வலைகள், ஒன்றோடொன்று இணைந்த கணினிகள் ஆகியனவெல்லாம் இவ்வாய்வின் பொருள்கள். இதன் அடிப்படை மாதிரி எளிமையானது. 1974இல் புள்ளிவிபரவியலாளர் டிகுரூட் வகுத்ததற்கிணங்க, ஒவ்வோர் உறுப்பினரும் தம் கருத்தையும் பிறர் கருத்துகளையும் வெவ்வேறு எடைகொடுத்துச் சராசரியாக்கித் தம் கருத்தைத் திருத்திக்கொள்கின்றனர். இது மீண்டும் மீண்டும் நிகழும்போது அனைவரும் ஒரே கருத்தை அணுகுகின்றனர்.

இம்மாதிரியிலிருந்து பெறப்படும் மூன்று முடிபுகள் நமக்கு வேண்டியவை. முதலாவது, தொடர்பு பற்றியது. வலை துண்டுகளாகப் பிரிந்திருப்பின் ஒவ்வொரு துண்டும் தன்னுள் உடன்படலாம். துண்டுகளுக்கிடையே உடன்பாடு தோன்றாது. ஆயினும் எல்லாத் தொடர்புகளும் எந்நேரமும் இயங்க வேண்டுவதில்லை. விட்டுவிட்டு ஏற்படும் தொடர்புகள், ஒரு கால எல்லைக்குள் ஒன்றுசேர்த்து நோக்கும்போது வலை முழுவதையும் இணைக்குமாயின் அதுவே போதுமானது என்பதை 2003இல் ஜட்பாபாய், லின், மோர்ஸ் ஆகியோர் நிறுவினர். இரண்டாவது, எடை பற்றியது. எட்டப்படும் பொதுக்கருத்து எல்லோருடைய கருத்தினதும் சமச் சராசரியாக இருப்பதில்லை. எவருக்கு அதிக எடை கொடுக்கப்படுகின்றதோ அவர் பக்கமே அது சாயும். பிறர் சொல்லுக்குச் சற்றும் எடைகொடாத ஒருவர் வலையில் இருந்து, அவர் சொல் மட்டும் எல்லோரையும் சென்றடையுமாயின், ஈற்றில் அனைவரும் அவர் கருத்தையே தம் கருத்தாக ஏற்றுவிடுவர். மூன்றாவது, நம்பிக்கை பற்றியது. ஒருவருக்கு ஒன்றும் மற்றவருக்கு வேறொன்றும் கூறும் உறுப்பினர் எத்தனை பேரை ஒரு வலை தாங்கும் என்பதற்கு எல்லை உண்டு. லாம்போர்ட், ஷொஸ்டாக், பீஸ் ஆகியோர் 1982இல் வெளியிட்ட பிரசித்தமான கட்டுரை, செய்திகள் வாய்மொழியாக மட்டும் பரிமாறப்படும் நிலையில், வஞ்சகர் மொத்தத்தில் மூன்றிலொரு பங்கை எட்டினால் ஏனையோரின் உடன்பாட்டுக்கு உறுதியில்லை எனக் காட்டியது.

மனிதர் பொறிகளல்லர். கணித மாதிரி எடைகளைத் தரப்பட்டவையாகக் கொள்கின்றது. அவை எங்கிருந்து வந்தன என்று வினவுவது அதன் வேலையன்று. அவ்வினாவை எழுப்புவது வரலாற்றாசிரியனின் கடன். எடைகளின் தோற்றத்தை உற்பத்தி உறவுகளிலேயே தேடவேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

2. வாவியும் இரு கரைகளும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பாங்கான நிலம் எழுவான்கரை எனவும், வாவிக்கு மேற்கேயுள்ள வயல் நிலப்பரப்புப் படுவான்கரை எனவும் வழங்கும். குருக்கள்மடம் எழுவான்கரைக் கிராமம். மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் பிரதான வீதியில், கிரான்குளத்துக்கும் செட்டிபாளையத்துக்கும் இடையில் அது அமைந்துள்ளது. மேற்கே வாவியைக் கடந்தால் அம்பிளாந்துறை. இரண்டையும் இணைத்தது ‘பாதை’ எனப் பிரதேச வழக்கிற் கூறப்படும் மிதவைப் படகு.

எழுவான்கரையிற் குடியிருப்பு நெருக்கமும் தென்னையும் மிகுதி, நெல்வயலோ படுவான்கரையில். எனவே எழுவான்கரைக் கிராமங்களின் நிலவுடைமையாளர் பலர் வீட்டை ஒரு கரையிலும் வயலை மறுகரையிலும் கொண்டிருந்தனர். வேளாண்மைக் காலத்தில் வாவி கடந்து வாடியில் தங்குவதும், அறுவடையின் பின் திரும்புவதும் பழைய வழக்கம். வடக்கே மண்முனைத்துறையிற் பாலம் திறக்கப்பட்டது 2014இலேயாகும். அதுவரை வாவியின் நடுப்பகுதியில் இரு கரைகளின் உறவும் படகுகளையும் பருவங்களையும் நம்பியிருந்தது. மேலே கூறிய முதலாவது முடிபு இங்கு நினைவுகூரத்தக்கது. இடையறாத தொடர்பு இங்கு என்றும் இருந்ததில்லை. விதைப்புக்கு முந்திய கூட்டம், அறுவடை, கோவிற் சடங்கு, திருமணம் என விட்டுவிட்டு நிகழ்ந்த சந்திப்புகளின் தொகுதியே இப்பிரதேசத்தை ஒரு சமூகமாகக் கட்டி வைத்திருந்தது.

உடன்பாடு இங்கு ஏன் தவிர்க்கவியலாததாயிற்று? ஒரு வட்டையில், அதாவது தொடர்ச்சியான வயற்பரப்பில், நூறு பேருக்கு வயலிருக்கலாம். அவர்களுள் ஒருவன் முந்தி விதைத்தால் அவன் பயிர் மட்டும் பறவைக்கும் பூச்சிக்கும் இரையாகும். ஒருவன் பிந்தி விதைத்தால், ஏனையோர் வயல் காயவேண்டிய வேளையில் அவனுக்கு நீர் தேவைப்படும். அறுவடை முடிந்த தாள்நிலத்தில் மாடுகளை விடவும் இயலாது. மாட்டுப்பட்டிகளை மேய்ச்சற்றரைக்கு அகற்றும் நாள், வாய்க்கால் வெட்டும் நாள், வேலியடைக்கும் நாள், விதைப்பின் இறுதி நாள், நீரை நிறுத்தும் நாள் ஆகிய அனைத்தும் எல்லோருக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். தனியுடைமையாகிய வயல்கள், பொதுமையாகிய நீரினாலும் காலத்தினாலும் பிணைக்கப்பட்டிருந்தன. இம்முரண்பாடே கூட்டுமுடிவின் பொருளியல் அடித்தளம்.

இதனிலும் சிக்கலான இன்னொரு முடிவு உண்டு. அது முகத்துவாரத்தை வெட்டுவது பற்றியது. கோடையில் மணற்றிட்டு வாவியின் வாயை அடைத்துவிடும். மாரி வெள்ளம் பெருகும்போது வாவி மட்டம் உயர்ந்து படுவான்கரை வயல்கள் நீரில் மூழ்கும். பயிரைக் காக்க முகத்துவாரத்தை விரைந்து வெட்டவேண்டும் என்பது விவசாயியின் கோரிக்கை. காலமல்லாக் காலத்தில் வெட்டினால் வாவியின் நீர் வடிந்து, மீனும் இறாலும் குன்றித் தொழில் கெடும் என்பது மீனவனின் கவலை. இரு தரப்பும் ஒரே நீரை நம்பி வாழ்வோர். ஆயினும் அவர்தம் நலன்கள் எதிரெதிரானவை. இன்று மாவட்ட நிர்வாகத்தின் முன்னிலையில் நடைபெறும் கூட்டங்களில் இம்முடிவு எடுக்கப்படுகின்றது. யாருடைய குரல் அக்கூட்டங்களில் எத்துணை எடைபெறுகின்றது என்பதே ஒவ்வொரு மாரியிலும் தீர்க்கப்படும் உண்மையான வினா.

3. வட்டைவிதானையும் சட்டமும்

வட்டையின் பொதுமுடிவுகளை நடைமுறைப்படுத்தியவன் வட்டைவிதானை. சிங்களப் பகுதிகளில் ‘வெல்விதானே’ என வழங்கிய பதவியின் மட்டக்களப்பு வடிவம் இது. அவனுக்குரிய ஊதியம் விளைச்சலில் ஒரு பங்காக, வயலுடையோரால் நெல்லாகவே கொடுக்கப்பட்டது. வாய்க்காலைத் திறப்பவனும், கட்டாக்காலி மாட்டைப் பிடித்துக் கட்டுபவனும், கூட்டத்துக்கு அறிவிப்பவனும் அவனே. அவன் கட்டளையிடும் அரசனாக இருந்ததில்லை. கூட்டத்தின் முடிவை வாய்க்காலுக்கு எடுத்துச் செல்பவனாகவே இருந்தான்.

இவ்வழக்கத்தைக் குடியேற்ற அரசு சட்டமாக்கிய வரலாறு ஆழ்ந்து நோக்கத்தக்கது. தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில் 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. நீர்ப்பாசனம், நெற்செய்கை ஆகியன பற்றிய ‘பண்டைய வழக்கங்களை’ மீட்டு வலுப்படுத்துவதே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. இதே காலப்பகுதியில் அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தின் இறக்காமம், அம்பாறைக் குளங்களின் புனரமைப்பும் தொடங்கியது. அச்சட்டத்தின்கீழ் நிலவுடைமையாளர் கூட்டங்கூடி விதிகளை வகுத்தனர். பெரும்பான்மையோர் ஏற்ற விதி அனைவரையும் கட்டுப்படுத்தியது.

இங்கு இரு மாற்றங்கள் ஒருசேர நிகழ்ந்தன. முதலாவதாக, வழக்கமாக நெகிழ்ந்திருந்த உடன்பாடு தண்டனைக்குரிய விதியாகியது. கூட்டத்தைக் கூட்டும் அதிகாரி, அதுவரை வலையில் இல்லாத புதியதோர் உறுப்பினனானான். எல்லோரும் அவன் சொல்லைக் கேட்பர். அவன் கேட்கவேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டாவதாக, கூட்டத்தில் இடம்பெறும் தகுதி நிலவுடைமை என எழுத்தில் வரையறுக்கப்பட்டது. வயலில் இறங்கி உழைத்தவன் வட்டையின் முடிவில் எழுத்தளவிலும் இடமற்றவனானான். ‘பண்டைய வழக்கம்’ என்ற பெயரில் மீட்கப்பட்டது, உண்மையில் உடைமையாளரின் வழக்கமேயாகும். உலகெங்கும் குடியேற்ற ஆட்சி உள்ளூர் வழக்காற்றை நாடியபோதெல்லாம் அவ்வழக்காற்றில் ஆதிக்கம் பெற்றிருந்த வர்க்கத்தின் வடிவத்தையே நிலைநிறுத்தியது என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

4. குடி, கோவில், கல்வெட்டு

வட்டை நீரினாற் கட்டப்பட்ட வலையாயின், குடி இரத்த உறவினாற் கட்டப்பட்ட வலை. மட்டக்களப்பின் குடி தாய்வழியானது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் மணம் விலக்கப்பட்டது. திருமணத்தின்பின் ஆண் மனைவியின் வீட்டுக்குச் செல்வான். எனினும் தன் தாயின் குடிக்கே தொடர்ந்தும் உரியவனாவான். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் குறைந்தது இரு குடிகள் சந்திக்கின்றன. எந்தக் குடியும் தனித்து மூடுண்ட துண்டாக இருக்க இவ்வமைப்பு இடமளிக்கவில்லை. வலையைத் தொடர்புடையதாக வைத்திருப்பதற்கு இதனிலும் சிறந்த ஏற்பாட்டை வகுத்தல் அரிது.

கோவில் நிர்வாகம் இக்குடிகளின் கூட்டுப் பொறுப்பு. ஒவ்வொரு குடியும் தனக்கென வண்ணக்கரைக் கொண்டிருக்கும். சடங்கின் நாட்களும் செலவுகளும் குடிகளிடையே பகிரப்படும். கொக்கட்டிச்சோலை, திருக்கோவில், மண்டூர் முதலிய பெருங்கோவில்களில், பல ஊர்களையும் பல சாதிகளையும் உள்ளடக்கிய விரிந்த வலையாக இது அமைந்தது. இப்பிரதேசத்து முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிகள் உள்ளன என்பதும், பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிகளைப் பிரதிநிதித்துவப்படுத்தும் மரைக்காயர்கள் இருந்தனர் என்பதும் மனங்கொள்ளத்தக்கன. வண்ணக்கரும் மரைக்காயரும் இரு மதங்களில் ஒரே சமூக அமைப்பின் இரு வடிவங்கள். அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு டெனிஸ் மக்கில்வ்றே நிகழ்த்திய ஆய்வுகள் இவ்வொப்புமையை விரிவாக நிறுவியுள்ளன.

இலக்கிய மாணவர் இவ்விடத்திற் கவனிக்கவேண்டிய பிரதி வகையொன்றுண்டு. மட்டக்களப்பிற் ‘கல்வெட்டு’ என்னும் சொல் கல்லிற் பொறித்த சாசனத்தை மட்டுமன்றி, ஏட்டிலும் வாய்மொழியிலும் வழங்கிய செய்யுள்களையும் உரைப்பகுதிகளையும் குறிக்கும். எவ்வெக் குடிக்கு எந்த வரிசை, எந்தச் சாதிக்கு எந்த ஊழியம், யாருக்கு முதற் பங்கு என்பவற்றை அவை கூறுகின்றன. எஃப்.எக்ஸ்.சி. நடராசா 1962இற் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’, வீ.சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ ஆகியன இம்மரபை அச்சுக்குக் கொண்டுவந்தமையால் ஆய்வாளர் பெற்ற பயன் பெரிது. ஆயின் இப்பிரதிகளைப் பழம்பெருமையின் சான்றுகளாக மட்டும் வாசிப்பது போதாது. கணிதம் ‘எடை’ எனக் குறியீட்டால் எழுதுவதை இவை செய்யுளில் எழுதிவைத்தன. கூட்டுமுடிவில் யாருடைய சொல் எத்துணை பாரமுடையது என்பதைத் தெய்வத்தின் பெயரால் நிலைநாட்டுவதே அவற்றின் சமூகப் பணி. கருத்துநிலை என நாம் கூறுவது இதுவேயாகும். உற்பத்தி உறவிற் பிறந்த எடை, சடங்கில் வரிசையாகி, பிரதியில் அநாதியான நியதியாகின்றது.

கல்வெட்டுகளின் மௌனமும் சான்றாகும். ஊழியச் சாதியினர் அவற்றில் இடம்பெறுகின்றனர். ஆனால் முடிவெடுப்போராக அன்றி, கடமை செய்வோராக. பெண்ணின் நிலை இதனினும் முரண்பாடானது. குடி பெண்வழியே தொடர்கின்றது. வீடும் வயலும் சீதனமாகப் பெண்ணுக்கே செல்கின்றன. எனினும் வண்ணக்கராகக் கோவிலிற் பேசுபவன் ஆண். பழைய முக்குவர் வழமையில் மருமகனுக்குச் சென்ற முதுசொம், 1876இன் திருமண உரிமைகள் பற்றிய சட்டத்தின்பின் நாடளாவிய பொதுவிதிக்கு உட்பட்டது. ஆயினும் பெண் உடைமையின் வழியாகவும் ஆண் அதன் குரலாகவும் இருந்த நிலை மாறவில்லை. வலை முழுவதையும் இணைத்தவள் அவளே. அவ்வலையின் முடிவில் அவளுக்கு எடையில்லை.

5. எடைகளின் அரசியற் பொருளாதாரம்

போடியாரை இனிக் கவனிப்போம். பெருநிலமுடைய போடியாரின் வயலை நடத்தியவன் முல்லைக்காரன், அவன்கீழ் கூலியாட்கள். விதைநெல்லும் உணவுச் செலவும் முன்னதாகக் கொடுக்கப்பட்டு, களத்தில் வட்டியோடு கழிக்கப்பட்டன. களத்தில் அளந்தெடுக்கும்போதே முல்லைக்காரனின் அடுத்த ஆண்டும் கடனிற் கட்டுண்டது. இத்தகைய உறவில் விதைப்பு நாள் பற்றிய முல்லைக்காரனின் அனுபவ அறிவு வட்டைக் கூட்டத்துக்கு எவ்வாறு சென்றது? போடியாரின் வாய்வழியே. மண்ணின் ஈரத்தையும் வாய்க்காலின் போக்கையும் அறிந்தவனின் அறிவு, அறியாதவனின் எடையோடு கூட்டத்தை அடைந்தது. அக்கூட்டத்தில் உடன்பாடு இருந்தது, பூசல் அரிது. இந்த அமைதியைக் கண்டு கிராம சமுதாயத்தின் இசைவு எனப் பாராட்டியோர் பலர். டிகுரூட் மாதிரியின் மொழியிற் கூறுவதாயின், பிறருக்குச் செவிசாய்க்காத ஒருவரை எல்லோரும் செவிமடுக்கும்போதும் பூரண அமைதியே நிலவும்.

இவ்வெடைகளைச் சட்டத்தால் மாற்ற முனைந்த முயற்சி 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம். விவசாய அமைச்சர் பிலிப் குணவர்தன கொணர்ந்த அச்சட்டம், குத்தகை விவசாயிக்கு நிலைத்த உரிமையையும் குத்தகைக்கு உச்ச எல்லையையும் வகுத்தது. விதானைப் பதவியை ஒழித்து, பயிரிடுவோர் பெரும்பான்மையாக அமையும் தெரிவுசெய்யப்பட்ட பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. கூட்டத்தில் இடம்பெறும் தகுதி உடைமையிலிருந்து உழைப்புக்கு மாற்றப்பட்டது என்பதே அதன் வரலாற்று முக்கியத்துவம். நிலவுடைமையாளர் வெளியேற்றத்தாலும் வழக்குகளாலும் அதனை எதிர்கொண்டனர். 1972இன் விவசாய உற்பத்தித்திறன் சட்டத்தின்கீழ்க் குழுக்கள் அமைச்சரால் நியமிக்கப்படுபவையாயின. கீழிருந்து எழவேண்டிய எடை மேலிருந்து இறங்கியது. போடியாரின் இடத்தில் அரசியற் கட்சி அமர்ந்தது.

இதற்கு மாறான அனுபவமும் இப்பிரதேசத்தின் அயலிலேயே உண்டு. பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட கல்லோயாத் திட்டம், 1949இல் நிறுவப்பட்ட அபிவிருத்திச் சபையின்கீழ் மத்தியக் கட்டளையால் இயங்கியது. நீர் வாய்க்காலின் தலைப்பகுதியிலே தீர்ந்து, வால்முனை விவசாயி வரண்ட வயலோடு நின்றான். 1980களின் முற்பகுதியில் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் நீர்ப்பாசனத் திணைக்களத்தோடு இணைந்து இடதுகரைப் பகுதியில் ஒரு பரிசோதனையை மேற்கொண்டன. ஒரு வயல்வாய்க்காலில் நீர்பெறும் சிலர் ஒரு குழுவாயினர். தம் பிரதிநிதியை வாக்கெடுப்பாலன்றி ஒருமித்த இணக்கத்தாலே தெரிந்தனர். முறைவைத்து நீர் பங்கிட்டனர். தலைப்பகுதியிற் சிங்கள விவசாயிகள், வால்முனையிற் பல இடங்களில் தமிழ் விவசாயிகள். நீர் குறைந்த பருவத்திலும் வால்முனைக்கு நீர் சென்றது. நோர்மன் அப்ஹொஃப் 1992இல் வெளியிட்ட நூல் இதன் விரிவான பதிவாகும். வெளிநாட்டு நிதியுதவியின் நோக்கங்கள் பற்றி நமக்குள்ள ஐயங்கள் நியாயமானவை. எனினும் ஒரு வாய்க்காலில் ஏறத்தாழச் சமமான காணித்துண்டுகளைக் கொண்டிருந்தோர் சந்தித்தபோதே இவ்விணக்கம் தோன்றியது என்பதைக் கவனித்தல் வேண்டும். எடைகள் சமனாயிருந்தமையால் உடன்பாடும் நீதியும் அங்கு ஒன்றையொன்று அணுகின.

6. அறுந்த தொடர்புகள்

அதே கல்லோயா 1956 யூனில் தமிழருக்கெதிரான வன்செயலின் களமாகவும் இருந்தது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது, நீரின் தலையும் வாலும் வெவ்வேறு நிர்வாகங்களின்கீழ் வந்தன. இனவாத அரசின் குடியேற்றக் கொள்கை, வலையின் ஒரு பெரிய பகுதியை முதலில் வெட்டியது.

தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையிலான தொடர்புகள் அறுந்தது பின்னரேயாகும். எழுவான்கரையில் இரு சமூகத்தினதும் ஊர்கள் மாறிமாறி அமைந்துள்ளன. படுவான்கரையில் இரு சமூகத்தினதும் வயல்கள் ஒரே வட்டைகளில் அடுத்தடுத்துக் கிடந்தன. முஸ்லிம் போடியாரின் வயலில் தமிழ் உழைப்பாளியும், தமிழரின் நெல்லை வாங்கும் முஸ்லிம் வணிகரும், ஒரே வாய்க்காலைப் பார்க்கும் இரு சமூகத்து விவசாயிகளும் என இவ்வுறவுகள் வர்க்க முரண்பாட்டோடு கூடியவையே. ஆயினும் அவை உறவுகள். அவற்றினூடே பேச்சு நிகழ்ந்தது.

1990 யூலையில், மக்கா யாத்திரை முடித்து ஊர் திரும்பியோர் உட்பட, பிரதான வீதியாற் பயணஞ்செய்த முஸ்லிம்கள் குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகளாற் கடத்திக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஓகஸ்டிற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்தோர் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் வீரமுனைக் கோவிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். செப்டெம்பரில் வந்தாறுமூலையில் அடைக்கலம் பெற்றிருந்த தமிழர் இராணுவத்தால் அழைத்துச் செல்லப்பட்டுக் காணாமற்போயினர். ஒன்றை மற்றொன்றாற் சமன்செய்யும் கணக்கு வரலாற்றாய்வுக்கு உரியதன்று. குருக்கள்மடத்தில் மடிந்தோரின் உறவினர், எச்சங்களைத் தோண்டியெடுத்து முறைப்படி அடக்கம் செய்யும் கோரிக்கையை நீதிமன்றத்தின்முன் வைத்தனர். தமிழிலே மட்டக்களப்பின் சமூக வரலாற்றை எழுதுவோர் இப்பெயரைக் குறிப்பிடாது கடந்து செல்வது நேர்மையாகாது.

கொலைகளின் பின் நிகழ்ந்தது, நாம் முதலிற் கூறிய கணிதத்தின் முடிபை ஒத்தது. வலை துண்டுகளாகியது. முஸ்லிம் விவசாயிகள் பலர் படுவான்கரை வயல்களுக்குச் செல்ல இயலாதவராயினர். பிரதான வீதியில் ஓரூரார் மற்றோரூரைக் கடக்க அஞ்சினர். ஒவ்வொரு துண்டினுள்ளும் உடன்பாடு முன்னெப்போதையும்விட இறுகியது. அத்துண்டுகளுள் மாற்றுக்கருத்துக் கூறுபவன் துரோகியென அழைக்கப்பட்டான். ஆயுதம் தாங்கியவன் பிறர் சொல்லைக் கேட்கவேண்டியதில்லை. அவன் சொல்லை எல்லோரும் கேட்டாக வேண்டும். போடியாரின் எடை நிலத்திற் பிறந்தது; இவனது எடை துவக்கிற் பிறந்தது. இரண்டிலும் வலையின் வடிவம் ஒன்றே.

மூன்றாவது முடிபும் இங்குப் பொருந்துகின்றது. ஓரூரில் ஒன்றும் அடுத்த ஊரில் வேறொன்றுமாகச் செய்தி பரவிய மாதங்களில், எச்செய்தி மெய் என்று உறுதிசெய்யும் வழி மக்களிடம் இருக்கவில்லை. முன்னர் வதந்தியைச் சரிபார்த்தவர்கள் வாவி கடந்து வருவோரும், வயலிற் சந்திப்போரும், நெல் வாங்க வருவோருமே. அச்சந்திப்புகள் நின்றபோது, சிறுதொகையினரான வஞ்சகருக்குப் பெருந்தொகையினரின் முடிவைத் தீர்மானிக்கும் ஆற்றல் கிடைத்தது.

2002 ஏப்ரிலில் விடுதலைப் புலிகளின் தலைமையும் முஸ்லிம் காங்கிரஸ் தலைமையும் ஓர் உடன்பாட்டிற் கையொப்பமிட்டன. அது உச்சியிலிருந்த இருவரின் உடன்பாடு. வட்டையிலும் வாய்க்காலிலும் வீதியிலும் அறுந்த தொடர்புகளை அது மீளக் கட்டவில்லை. ஆகவே அது களத்தில் நிலைகொள்ளவுமில்லை.

7. முடிபு

மேற்கூறியவற்றாற் பெறப்படுவன வருமாறு. மத்திய அதிகாரமின்றி மட்டக்களப்பு வாவிப் பிரதேச மக்கள் நீரையும் நிலத்தையும் கோவிலையும் நெடுங்காலம் நிர்வகித்தனர் என்பது மெய். விற்ஃபோகலின் கோட்பாடு இங்குச் செல்லுபடியாகாது. ஆனால், மத்திய அதிகாரமின்மை ஆதிக்கமின்மையாகாது. ஆதிக்கம் எடைகளாகப் பரந்து, வட்டையின் விதியிலும் குடியின் வரிசையிலும் கல்வெட்டின் செய்யுளிலும் குடிகொண்டது. உள்ளூர்ப் பொதுவளங்களை மக்களே நிர்வகிக்கும் ஆற்றலை எலினோர் ஒஸ்ட்ரோம் 1990இன் நூலில் எடுத்துக்காட்டியதும், 2009இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டதும் அரச அதிகாரத்துக்கு மாற்றைத் தேடுவோருக்கு ஊக்கமளித்தன. அவ்வாற்றலைப் போற்றும்போதே, கூட்டத்தின் வட்டத்துக்கு வெளியே நிற்பவர் யார் என்ற வினாவையும் உடன்வைத்தல் நம் கடமை.

இன்றும் ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. விதைப்பு நாளும் நீர் திறக்கும் நாளும் அங்கு அறிவிக்கப்படுகின்றன. அக்கூட்டங்களைப் பற்றி முறையான களஆய்வு செய்யப்படல் வேண்டும். யார் அழைக்கப்படுகின்றனர், யார் பேசுகின்றனர், குத்தகைக்காரன் எங்கே இருக்கின்றான், காணியுரித்துடைய பெண் வருகின்றாளா, ஒரே வட்டையின் தமிழ், முஸ்லிம் விவசாயிகள் ஒரே கூட்டத்தில் அமர்கின்றனரா என்பன ஆய்வாளர் குறித்துக்கொள்ளவேண்டிய செய்திகள். கல்வெட்டுப் பிரதிகளையும் இவ்வினாக்களோடு மீள வாசித்தல் வேண்டும்.

உடன்பாடு தன்னளவில் இலட்சியமன்று. சமமான எடையும் அறுபடாத தொடர்பும் இருக்குமிடத்து எழும் உடன்பாடே மக்களுக்குரியது. இவ்விரண்டுள் முதலாவது நிலவுறவின் மாற்றத்தையும், இரண்டாவது நீதியையும் வேண்டி நிற்கின்றன. இறந்தோருக்குரிய நீதி மறுக்கப்படும்வரை, வாவியின் மீது பாலம் கட்டப்பட்டாலும் கரைகளுக்கும் ஊர்களுக்கும் இடையே அறுந்தது கட்டப்பட்டதாகாது.